ஆறாம் லயன்

புதுக்கடை நீதிமன்ற மதிலோரம்
குடைக்குக் கீழே என் மேசை.
சத்தியம் செய்துகொண்ட மொழிபெயர்ப்பாளன் நான்.
பக்கத்துக்கு எண்ணூறு ரூபாய்,
அவசரமென்றால் ஆயிரத்து இருநூறு.

சசிரேகா திரும்பி வந்தாள்.
பத்தரமுல்லையில் சிரித்துக்கொண்டே கேட்டார்களாம்:
நீ பிறந்தது சிங்கத்தின் குகையிலா?

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை மேசையில் விரித்தாள்.
தமிழில், கீழ்ப்பிரிவு, ஆறாம் லயன்.
ஆங்கிலத்தில், என் முத்திரைக்கு மேலே,
என் கையெழுத்துக்கும் மேலே,
ஆறாவது சிங்கம்.

தட்டியவன் இஃபாஸ், மாளிகாவத்தைப் பையன்.
"லயன் எண்டா சிங்கம்தானே சேர்?"
குற்றம் சொல்ல வாய் வரவில்லை.
கொடியில் வாளோடு நிற்கிறது,
போத்தலில் வாளில்லாமல்.
இன்னும் நாலு மலைநாட்டில் இருக்குமென்று
எண்ணியிருப்பான்.

"அழித்துவிட்டு லைன் என்று போடு."
"எந்த லைன் சேர்?"

எந்த லைன்.
காலையில் வெள்ளவத்தையில் லைனைத் தாண்டித்தான்
கடலைப் பார்த்துவிட்டு வந்தேன்.
காஸ் இல்லாத வருடம்
என் வெற்றுச் சிலிண்டரை முன்னால் நின்றவரின் சிலிண்டரோடு
சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு
லைனிலேயே தூங்கினேன்.
விடியுமட்டும் ஒரே பூட்டு,
அவர் பெயர் இன்றுவரை தெரியாது.
கனடாவிலிருந்து தங்கச்சி பேசுவாள்,
காணி விற்ற காசை நான் கேட்கும் இடத்தில் மட்டும்
லைன் கிளியர் இல்லை.
எதிர்க்கடை போட்டோகொப்பிப் பெண்ணுக்கு
இஃபாஸ் போடுவதும் லைன்தான்,
இரண்டு மாதமாக என்கேஜ்.

தமிழுக்குள் ஓடினாலும் தப்பமுடியாது.
வரி என்று எழுதினால்
ஒன்று வாசிப்பதற்கு,
ஒன்று கட்டாவிட்டால் இதே வாசலுக்கு இழுத்துவருவதற்கு,
இன்னொன்று ஒரு விலங்கின் முதுகில் இருப்பது,
அதை இந்த மதிலோரம்
நாங்கள் உரத்துச் சொல்வதில்லை.

"நீங்களே சொல்லுங்க பிள்ளை,
லயன் என்றால் என்ன?"

"கூரை சேர்," என்றாள்.
"பத்து வீட்டுக்கும் ஒரே தகரம்.
ஒழுகினா எவன் ஏறுறதுன்னு சண்டை.
அப்படின்னு அம்மா சொல்லும்.
நான் அங்க ரெண்டு வருசந்தான்,
வளந்ததெல்லாம் தெமட்டகொடை.
இப்ப அந்த லயனும் இல்ல,
மண்ணு சரிஞ்சு போச்சு.
பேப்பர்ல மட்டுந்தான் நிக்குது."

ஜோர்தானில் தையல் வேலை,
வியாழக்கிழமைக்குள் கடவுச்சீட்டு வேண்டும்.
ஏஜென்சிக்காரன் மூன்றுமுறை அழைத்துவிட்டான்.
ஒவ்வொரு முறையும் அவள்
"லைன்லயே இருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு
போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

இஃபாஸ் சிங்கத்தை அழித்தான்.
அப்படியே கீழே இறங்கிப் போன விரல்
ஒரு கட்டத்தில் நின்றது.
தந்தையின் முழுப்பெயர்:
பதிவாளர் பேனாவால் இழுத்த ஒரு கோடு.

போனமுறை அதை அவன் வெறுமையாக விட்டிருக்கிறான்.
நானும் பார்க்காமல் கையெழுத்து வைத்திருக்கிறேன்.
இப்போது இருவரும் பார்த்தோம்,
பிறகு அவளைப் பார்க்காதிருந்தோம்.

"அதுவும் லைன்தானே," என்றாள்
கைப்பைக்குள் சில்லறை தேடிக்கொண்டே,
"உள்ளபடியே போட்டிருங்க."

நாலு தட்டில் கோடு விழுந்தது.
திருத்தத்துக்குக் காசில்லை என்றேன்.
கேட்காதவள்போல் நூறு ரூபாயை
முத்திரைப் பெட்டிக்கு அடியில் செருகினாள்.

பதிவாளரின் கோடு
அவசரத்தில் இழுத்தது, வலப்பக்கம் சற்றே சரிந்திருந்தது.
இஃபாஸின் கோடு நேராக இருக்கிறது.
மூலத்துக்கும் இதற்கும்
வேறெந்த வித்தியாசமும் இல்லையென்று
இதனால் உறுதிப்படுத்துகிறேன்.